எட்டுச் சின்னப் பாய்கள்

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அப்பாவுக்கு மூட்டுவலி மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், இப்போது பரவாயில்லை. ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது, ஆனால் பயப்படும்படி ஒன்றுமில்லை. நீ போனில் பேசினால் "சரிம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் அக்காவோடு பத்தமடைக்குப் போய்விட்டு வந்தேன். கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மேஜையில் தட்டுக்கு அடியில் போட பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம், இந்தத் தடவை கோரைப் பாய் போடலாம் என்று ஒரு ஆசை. ஒரு வீட்டில் பாய் நெய்கிற அம்மா உட்கார வைத்து எல்லாம் காட்டினார்கள். கோரையை ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்காக ஊறப்போட்டு, காயவைத்து, மயிரிழை மாதிரி கிழித்து நெய்கிறார்கள். கையில் எடுத்தால் துணி மாதிரி மடங்குகிறது. ஓரத்தில் சிவப்பும் பச்சையும் வந்த சின்னப் பாய் எட்டு வாங்கினேன். அக்கா, அத்தான், பிள்ளைகள் ரெண்டு பேர், அப்பா, நான், ஆறு பேர்தான். எட்டாக எடுத்தால் விலை குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள், எடுத்துவிட்டேன்.

அங்கே தறியில் ஒரு கல்யாணப் பாய் இருந்தது. மாப்பிள்ளை பேரும் பெண் பேரும் போட்டு, பாதி நெய்தபடி. உங்கள் கல்யாணத்துக்கு அம்பாசமுத்திரத்துச் சம்பந்தி வீட்டார் கொடுத்த பாய் நம் வீட்டுப் பரண்மேல் துணி சுற்றி அப்படியே இருக்கிறது. நீங்கள் சென்னைக்கு எடுத்துப் போகவே இல்லை. எலி கடிக்காமல் நான் அடிக்கடி எடுத்துப் பார்த்து வைக்கிறேன்.

டிக்கெட் பார்த்தாயா? இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறார்கள், திறந்த அன்றைக்கே நெல்லை எக்ஸ்பிரஸ் தீர்ந்துவிடுகிறது என்று அத்தான் சொன்னார். வந்தே பாரத் இருக்கிறது, மத்தியானம் ஏறினால் ராத்திரி ஜங்ஷனில் இறங்கிவிடலாம். அப்பா ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார். நான் சும்மா தகவலுக்குச் சொல்கிறேன். உன் ஆபீசில் லீவு எப்படி என்று எனக்குத் தெரியாது. உனக்குப் பதவி உயர்வு வந்ததைக்கூட அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்குக் கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டேன், கவரில் உன் பேரை எழுதும்போது கண் கலங்கிவிட்டது. நீ பத்தாவது படிக்கிறபோது கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டு முதலில் அடுப்படிக்குத்தான் ஓடி வந்தாய். நான் மாவுக் கையோடு நின்றேன். இப்போது நல்ல சேதி அக்கா வழியாகச் சுற்றி வருகிறது. சரி, வரட்டும். சேதி நல்லதாக இருந்தால் போதும். வேலை வேலை என்று ராத்திரி பதினோரு மணிக்குச் சாப்பிடாதே. இரண்டு பேரும் எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

மேஜைக்கு என்ன செய்யப் போகிறேன் என்று சொல்கிறேன். அக்கா பிள்ளைகள் குடிலுக்காகத் தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு தூவப் போகிறார்கள். பத்து நாளில் விரல் நீளத்துக்கு வந்துவிடும். அதில் ஒரு சின்னத் தட்டை மேஜைக்கும் கேட்டிருக்கிறேன். மணப்பாட்டு ஓலை நட்சத்திரம் ஆறேழு அலமாரியில் இருக்கிறது. ஒவ்வொரு தட்டுக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன ஓலைக் கொட்டான், அதில் முந்திரிக்கொத்து இரண்டு, அச்சுமுறுக்கு ஒன்று. முந்திரிக்கொத்துக்குக் கருப்பட்டி உடன்குடியிலிருந்து வந்துவிட்டது. பனிக்காலத்தில் மல்லிகை வரத்து குறைந்து விலை எங்கேயோ போய்விடும், அதனால் கேந்தியும் செவ்வந்தியும் போதும் என்று நினைத்தேன். மெழுகுவர்த்தி வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்று கடைசியில் சொல்கிறேன்.

மேஜை விரிப்பைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்ததே. ஆச்சியின் லேஸ் விரிப்பு. அந்த லேஸ் எந்த ஊர் வேலை என்று நீயும் கேட்டதில்லை, அக்காவும் கேட்டதில்லை. உன் வீட்டுக்காரிதான் கேட்டாள். இடையன்குடி வேலை என்று சொன்னேன். கால்டுவெல் ஐயருடைய மனைவி எலைசா அம்மா அந்த ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வேலை அது. திண்டில் ஊசிகளைக் குத்திவைத்து, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவார்கள். குச்சிகள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் மழைத்தூறல் மாதிரி இருக்கும் என்று ஆச்சி சொல்வாள். கல்யாணத்துக்கு முன்பு தன் கையால் பின்னிய ஓரம் இது. அதை நான் சொல்லச் சொல்ல உன் வீட்டுக்காரி விரலை லேஸ் மேலேயே ஓட்டிக்கொண்டிருந்தாள்.

2023 வெள்ளம் உனக்கு நினைவிருக்கும். டிசம்பர் 17, 18 இரண்டு நாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது என்றார்கள். நம் கொக்கிரகுளத்தில் ஆறு எது, தெரு எது என்று தெரியவில்லை. பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க முங்கிவிட்டது, அதில்தான் விரிப்பும் இருந்தது. நீங்கள் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது அது சேற்று உருண்டையாக மூலையில் கிடந்தது. நான் தூக்கி எறியச் சொன்னேன். கல்யாணமாகி ஏழு மாதம்கூட ஆகாத பிள்ளை, அதை எடுத்துக்கொண்டு போய் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில் மூன்று தடவை அலசினாள். எலுமிச்சம்பழம் தேய்த்தாள். லேஸ் இழை அறுந்துவிடாமல் ஒவ்வொரு கண்ணையும் விரல் நுனியால் நீவி நீவிக் கழுவினாள். நான் வீட்டுக்குள் சேறு அள்ளிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மடித்துக் கொண்டுவந்து பீரோ மேல்தட்டில் வைத்துவிட்டு, "கறை எல்லாம் போயிட்டு அத்தை" என்றாள். நான் பிரித்துப் பார்க்கவில்லை. நல்லது என்று மட்டும் சொன்னேன்.

நேற்று அதை எடுத்து இஸ்திரி போட்டேன், ஐயா. கறை போகவில்லை. நட்டநடுவில், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, பழுப்பாக இருக்கிறது. மற்ற இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று.

எனக்கு மனசு கஷ்டப்படக் கூடாது என்று அவள் போய்விட்டதாகச் சொல்லியிருக்கிறாள். போன கிறிஸ்துமஸுக்கு விரிப்பை விரித்தவள் அவள்தான். நடுவில் கேந்தியை உதிர்த்து வட்டமாகப் பரப்பி, உள்ளே சம்பங்கி, ஓரம் முழுக்க மரிக்கொழுந்து, அதற்கு நடுவில் அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சின்னக் குத்துவிளக்கு. எல்லாம் அந்த இடத்தை மூடுவதற்கு. ஆச்சியின் விரிப்பில் வெள்ளக்கறை வெளியே தெரியக் கூடாது என்று.

இதை எழுதும்போது கை நடுங்குகிறது. நீ அன்றைக்கு வெளியே போயிருந்தாய், ஐஸ் வாங்க. அவள் உன்னிடம் சொன்னாளோ இல்லையோ எனக்குத் தெரியாது. நான் சொல்லிவிடுகிறேன்.

நம் சபை ஐயரும் ஐயரம்மாவும் பன்னிரண்டரை மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அன்னம் வைத்த விளக்கு. ஐயர் என்ன நினைப்பார், கோயிலில் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று அது ஒன்றுதான் எனக்கு ஓடியது. எரிகிற விளக்கை அப்படியே தூக்கிக்கொண்டு போய் பின்வாசலில் துவைக்கிற கல் பக்கத்தில் வைத்து, வாயால் ஊதினேன். அவர்கள் வீட்டில் விளக்கை அணை என்று சொல்லக்கூட மாட்டார்கள், மலையேற்று என்பார்கள். பூவால் மெல்ல ஒற்றி அமர்த்துவார்கள். எனக்கு அது தெரியும். நான் வளர்ந்த தெருவில் பாதி வீடு அவர்கள் வீடுதான். தெரிந்தும் ஊதினேன்.

திரும்பினால் வாசல்படியில் அவள் நிற்கிறாள், கையில் கேக் தட்டோடு. ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய், விளக்கு இருந்த இடத்தில் அந்தத் தட்டை வைத்தாள். வைத்துவிட்டு, கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தி, கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தி, குனிந்து பார்த்து வைத்தாள். கோபத்தில் செய்கிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன். ஒரு வருஷம் முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று இஸ்திரிப் பெட்டி கையில் இருக்கும்போதுதான் புரிந்தது, அவள் கறையை மூடியிருக்கிறாள். நான் அவள் விளக்கை ஊதி அணைத்த பிறகும், என் விரிப்பின் கறை ஐயரம்மா கண்ணில் படாமல் மூடியிருக்கிறாள்.

இஸ்திரியை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அப்பா வந்து என்னவென்று கேட்டார். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். "எழுதிவிடு" என்று மட்டும் சொன்னார்.

இன்னொன்றும் இருக்கிறது. ஐயரம்மா பூக்களைப் பார்த்து, "எவ்வளவு அழகாக இருக்கிறது, யார் வைத்தது?" என்று கேட்டார்கள். நான் சிரித்தேன். உன் வீட்டுக்காரி பக்கத்தில் நின்று எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இவள் வைத்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊதியதைவிட அதுதான் இப்போது அதிகமாக உறுத்துகிறது.

புதுவருஷ ஆராதனை முடித்துத்தான் போவதாக இருந்தீர்கள். 26-ஆம் தேதியே கிளம்பிவிட்டீர்கள். ஆபீசில் அவசரம் என்றாய். நானும் அவசரம்தான் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

நம் கூட்டங்களிலேயே குத்துவிளக்கு ஏற்றித்தான் தொடங்குகிறார்கள். மேலே ஒரு சிலுவை இருக்கும். அதைப் பார்த்து நான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சிலுவை வைத்த விளக்கு கோயிலில் நிற்கலாம், அன்னம் வைத்த விளக்கு என் வீட்டு மேஜையில் நிற்கக் கூடாது என்று நான் எங்கே படித்தேன்? கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆட்வென்ட் நாலு ஞாயிறும் ஒளியைப் பற்றித்தான் பாடுகிறோம். 2026-ல் நம் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோயிலுக்கு 200 வயது. 1826-லிருந்து நின்றுகொண்டிருக்கிற கோயில் ஒரு சாண் விளக்கால் சாய்ந்துவிடாது. இதையெல்லாம் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்குத் தோன்றியதெல்லாம் பயம்தான்.

அவளுக்குத் தனியாக எழுத நினைத்து இரண்டு தாள் கிழித்துவிட்டேன். "அன்புள்ள மகளுக்கு" என்று ஆரம்பித்தால் அதற்கு எனக்கு என்ன உரிமை என்று தோன்றுகிறது. நீ இதை அவளிடம் காட்டு. அவள் படிக்க வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே. படித்தால், அத்தை தப்பு செய்துவிட்டேன் என்று ஒத்துக்கொண்டதாகச் சொல். நீங்கள் ஊருக்கு வரவேண்டும் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. வராவிட்டாலும் நான் சொல்ல வேண்டியது இது.

விளக்கை அவள் விட்டுவிட்டுத்தான் போனாள். பின்வாசல் மாடத்தில் ஒரு வருஷம் இருந்து களிம்பு ஏறிவிட்டது. இன்று காலை புளி போட்டு ஊறவைத்து, சாம்பலும் தேய்த்துக் கழுவினேன். அன்னத்தின் கழுத்துப் பக்கம் கொஞ்சம் பச்சை போகவில்லை, நாளைக்கு இன்னொரு தடவை தேய்க்கிறேன். மெழுகுவர்த்தி வாங்காதது இதனால்தான். இந்த வருஷம் மேஜை நடுவில் அந்த இடத்தில் விளக்குதான் இருக்கும், ஐயர் வந்தாலும் இருக்கும். யார் பூ வைத்தது என்று யாராவது கேட்டால் சொல்லவும் தெரியும் எனக்கு.

டிக்கெட் இல்லை என்றால் அத்தானிடம் சொல்லு, பஸ்ஸாவது பார்ப்பார். ராத்திரி பஸ்ஸில் ஜன்னலைத் திறந்து வைக்காதே, பனி. கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்குள் சாப்பிடுங்கள்.

பாய் எட்டையும் மேஜையில் விரித்துப் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது. கதவோரம் இருக்கிற நாற்காலியில் உன்னை உட்கார வைக்க மாட்டேன், உனக்குக் காற்று அடிக்கும்.

விளக்குக்கு நல்லெண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன். திரி எத்தனை போட வேண்டும், எந்தப் பக்கம் பார்த்து வைக்க வேண்டும் என்று அவளிடம் கேட்டுச் சொல்.

அம்மா