கொடை மேடைக்கு எந்த சாம்ப்ளர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கோயில் கொடை, தேவாலயத் திருவிழா மேடைகளுக்கு சாம்ப்ளர் (பதிந்த ஒலியைத் தட்டி வாசிக்கும் கருவி), சீக்வென்சர் (ஒலிகளை வரிசைப்படி தானே வாசிக்கும் கருவி) வாங்கப் போகும் குமரி மாவட்ட இசைக்குழுக்கள் முதலில் கரண்டைப் பார்க்க வேண்டும். ஜெனரேட்டருக்கு மாற்றும் அந்த ஒரு நொடியில், அடாப்டரை மட்டும் நம்பும் கருவி அணைந்துவிடும். மறுபடி லோடு ஆகும்வரை பாட்டு அந்தரத்தில் நிற்கும். ரோலண்ட் எஸ்பி-404 எம்கே2 ஆறு ஏஏ பேட்டரியில் ஓடும். நோவேஷன் சர்க்யூட் டிராக்ஸில் பேட்டரி உள்ளேயே உண்டு. எலக்ட்ரான் டிஜிடாக்டில் கிடையாது, சின்ன யுபிஎஸ் கட்டாயம்.

ஆனாலும் தாளத்துக்கு டிஜிடாக்ட்தான் என் கட்சி. ஒவ்வொரு டிராக்கின் (ஒரு ஒலிக்கான வரிசை) நீளத்தையும் தனித்தனியே மாற்றலாம். தாளத்தின் ஒரு அட்சரத்துக்கு (எண்ணிக்கைக்கு) 2 ஸ்டெப் (டிராக்கின் கட்டம்) என்றால் 8 அட்சர ஆதி தாளத்துக்கு 16 பொருந்தும். 7 அட்சர மிஸ்ர சாப்புக்கு 14 வேண்டும். மாற்றாமல் விட்டால் இரண்டாம் ஆவர்த்தனத்திலேயே (தாளச் சுற்றிலேயே) செண்டை ஒரு பக்கம், பாடகர் ஒரு பக்கம்.

இரண்டு கருவிகளை மிடியில் (மின்னிசைக் கருவிகள் பேசிக்கொள்ளும் இணைப்பு) இணைத்தால் ஒன்றுதான் கிளாக் என்ற வேகத் துடிப்பை அனுப்ப வேண்டும் (கால் நோட்டுக்கு 24 துடிப்பு). மற்றது அதைப் பின்தொடரட்டும். இரண்டும் அனுப்பினால் டெம்போ தள்ளாடும்.

ஸ்பீக்கரில் உறுமல் வந்தால் டிஐ பாக்ஸில் (கருவிக்கும் மிக்சருக்கும் நடுவே வரும் பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட்டை, அதாவது ஆடியோ கேபிளின் கிரவுண்டை மட்டும் துண்டிக்கும் சுவிட்சைப் போடுங்கள். பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்குவது உயிரோடு விளையாட்டு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகர்கோவில்