ஆணி டப்பாவைக் கொட்டியபோது

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பல்வலி குறைந்ததா? எனக்கு முடி கொட்டுவதைத் தவிர வேறு குறையில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னத் திருகாணி தேடி, டப்பாவுக்குள் விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பேத்தி, "தாத்தா, பேப்பர்ல ஊத்திடவா?" என்றாள். ஆணியை ஊத்தக் கூடாதும்மா, கொட்டணும் என்றேன். "அப்ப தண்ணிய மட்டும் கொட்டலாமா?" என்று மடக்கிவிட்டாள்.

அன்று முழுக்க அதே யோசனை. ஊற்றுகிறவன் கண் செடியிலோ குடத்திலோ இருக்கும். வாங்கிக்கொள்ளும் இடம் அவனுக்கு முக்கியம். கொட்டுகிறவனுக்குக் கையில் இருப்பது காலியானால் சரி. அதனால்தான் சாப்பிடுகிறவனைப் பார்த்து "கொட்டிக்கிட்டுப் போ" என்றால் அப்படிச் சுருக்கென்று தைக்கிறது. வாயைக் குப்பைத்தொட்டி ஆக்கிவிடுகிறதே! அதே சொல், "பணம் கொட்டுது" என்றால் மட்டும் நமக்கு இனிக்கிறது. "பாசத்தைக் கொட்டி வளர்த்தோம்" என்கிறோமே, அதிலும் பிள்ளை எவ்வளவு தாங்கும் என்ற கணக்கே இல்லை பார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் புரட்டினேன். மேளம் கொட்டுவது, தேள் கொட்டுவது, மூட்டையைக் கொட்டுவது எல்லாம் ஒரே சொல்லின் கீழ் கிடக்கின்றன. அடிப்பதற்கும் காலி செய்வதற்கும் என்ன உறவு? எனக்கு ஒரு ஊகம். டப்பாவைக் கவிழ்த்த பிறகும் துருவோடு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தத் திருகாணி மட்டும் விழவில்லை. அடியில் இரண்டு தட்டு தட்டினேன், டொக்கென்று விழுந்தது. பண்டிதர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், போகட்டும்.

இதெல்லாம் எதற்கு என்கிறாயா? "அன்னிக்கு போன்ல எல்லாத்தையும் உன்கிட்ட கொட்டிட்டேன், மன்னிச்சுக்கோ" என்று எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். வாஸ்தவம். ஆனால் என்னிடம் சொன்னதை நீ ஏன்டா அள்ளணும்? நடுவில் இரண்டு தரம் நிறுத்தி, "கேக்குறியா? உனக்குத் தூக்கம் வருதா?" என்று விசாரித்தாய். கொட்டுகிறவன் அப்படிக் கேட்பானா? என் பேத்தி பாஷையில் சொன்னால், நீ ஊத்தினாய்.

மூலையில் இன்னும் ஏதாவது ஒட்டியிருந்தால் சனிக்கிழமை ராத்திரி கூப்பிடு. இரண்டு தட்டு தட்டுகிறேன்.

உன் பழைய நண்பன்