படம் எத்தனை மணிக்கு விடும்?

பாப்பா,

உன் தியேட்டருக்கு நீ போட்டு அனுப்பிய காட்சி அட்டவணையை நேற்று ராத்திரி கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தேன். கட்டமெல்லாம் கலர் கலராக அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் காலை 10, 12:30, 3, 5:30, இரவு 8 என்று ஒரு நாளைக்கு ஐந்து காட்சி போட்டிருக்கிறாயே, 128 நிமிஷப் படத்துக்கு இரண்டரை மணி நேரம் தாராளம் என்று நினைத்துவிட்டாய் போல. ஒரு தாளில் எழுதிப் பார். படம் 128. விளம்பரமும் டிரெய்லரும் 10. இடைவேளை விடுவதாகச் சொல்லியிருக்கிறாய், அது 15. ஆக 153. அதற்கப்புறம் கூட்டம் வெளியேறி, பெருக்கி, அடுத்த கூட்டம் உள்ளே வந்து உட்கார 20. மொத்தம் 173 நிமிஷம், நீ ஒதுக்கியிருப்பது 150. காட்சிக்கு 23 நிமிஷம் கடன். ஐந்தாவது காட்சிக்குள் அந்தக் கடன் 92 நிமிஷமாகி, 8 மணிக்கு என்று டிக்கெட் வாங்கினவர்கள் 9:32 வரை வராந்தாவில் நிற்பார்கள், படம் விடும்போது 12:05. திட்டு வாங்கப் போவது நீ இல்லை, கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை.

நான் நம் தியேட்டர் கவுண்டரில் 19 வருஷம் உட்கார்ந்தவள். படம் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும் என்று என்னைக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான், அதுதான் வெளியே போர்டிலேயே இருக்கிறதே. எல்லோரும் கேட்டது எத்தனை மணிக்கு விடும் என்பதைத்தான். பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு மாமியாரிடம் ஒப்படைத்து வந்தவள் கேட்பாள், பஸ்ஸில் வந்தவர் கேட்பார், வண்டியோடு வெளியே காத்திருக்கிற டிரைவர் கேட்பார். உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, மத்தியானக் காட்சிக்கு வாராவாரம் தனியாக வரும் ஒரு டீச்சர். இருட்டுவதற்கு முன்னால் வீடு சேர வேண்டும் அவருக்கு. நம்முடைய மத்தியானக் காட்சியோ 3 மணிக்கு. கடைசி இருபது நிமிஷம் அவர் சீட்டில் இருக்கவே மாட்டார். வெளியே போகும் வாசலின் திரைத்துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பை தோளில், செருப்பில் பாதிக் கால், திரையைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக நின்றுகொண்டே பார்ப்பார். சண்டை உச்சத்தில் இருக்கும்போது திரைத்துணி ஒரு தடவை ஆடும், ஆள் போயிருப்பார். அடுத்த வாரம் கவுண்டருக்கு வந்து, கடைசியில் அந்தப் பெண் என்ன ஆனாள் என்று என்னிடம் கேட்பார். இப்படி எத்தனை படத்தின் முடிவை நான் அந்தச் சின்ன ஓட்டை வழியாகச் சொல்லியிருப்பேன். ஒருநாள் உன் அப்பாவிடம் சண்டை போட்டுக் காட்சியை 2:30க்கு மாற்றினேன். அரை மணி நேரம்தான். அதற்கப்புறம் அந்த டீச்சர் மட்டுமில்லை, அவரைப் போல ஏழெட்டுப் பேர் வர ஆரம்பித்தார்கள். அதுவரை அவர்கள் வராமல் இருந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாது.

அதனால் அட்டவணையைக் காலையிலிருந்து போடாதே. ராத்திரியிலிருந்து பின்னோக்கிப் போடு. உங்கள் பக்கம் கடைசி பஸ் 11:10 என்று எழுதியிருந்தாய். அப்படியென்றால் படம் 10:50க்குள் விட வேண்டும், செகண்ட் ஷோ 8:15. அதற்கு முந்தினது 5:20, அதற்கு முந்தினது 2:25, முதல் காட்சி 11:30. நாலுதான் வரும். ஐந்தாவதை மறந்துவிடு.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது பார். வேலை முடிந்து 6 மணிக்கு வெளியே வருகிறவனுக்கு 5:20 உதவாது. அதை 6:30க்குத் தள்ளினால் செகண்ட் ஷோ 9:25க்குப் போய், விட 11:58 ஆகிவிடும், பஸ் போயிருக்கும். இரண்டு ராத்திரிக் காட்சியும் அம்சமாக அமைவது இந்த நீளப் படத்துக்கு நடக்காத காரியம், நாங்களும் போட்டுப் போட்டுப் பார்த்துத்தான் விட்டோம். நானாக இருந்தால் திங்கள் முதல் வியாழன் வரை செகண்ட் ஷோவையே எடுத்துவிட்டு, 7 மணிக்கு ஒரே காட்சியை வைத்து அதை நிரப்பப் பார்ப்பேன். வெள்ளியும் சனியும் நாலு ஓட்டு. ஞாயிறு ராத்திரி கூட்டத்தை நம்பாதே, மறுநாள் வேலைக்குப் போகிறவன் சாயங்காலமே பார்த்துவிட்டுப் போய்விடுவான். அப்புறம், வாரத்துக்கு வாரம் நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்காதே. பக்கத்தில் இருக்கிறவர்கள் போனைப் பார்த்தா வருகிறார்கள், கால் பழக்கத்தில் வருகிறார்கள்.

உனக்கு இரண்டு திரை இருப்பது வசதிதான், தலைவலியும்தான். ராத்திரிக் காட்சியை இரண்டிலும் ஒரே நேரத்துக்குப் போட்டிருக்கிறாய். ஒரே கவுண்டர், ஒரே கேன்டீன், ஒரே ஆபரேட்டர். அரை மணி நேரம் தள்ளிப் போடு. தள்ளும்போது இடைவேளை எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள், இரண்டு ஹாலுக்கும் ஒரே நேரத்தில் இடைவேளை விட்டால் பாத்ரூம் வரிசை தெருவுக்கு வந்துவிடும். ஒரு ஹால் விடுகிற நேரத்தில் இன்னொரு ஹாலுக்கு ஆளை உள்ளே விடவும் கூடாது. அந்த ஒடுக்கமான நடையில் இரண்டு கூட்டமும் முட்டிக்கொள்ளும்.

கீ விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். இப்போது படம் பூட்டித்தான் வருகிறது, திறப்பதற்குக் கே.டி.எம். என்கிற கீ தனியாக மெயிலில் வரும், அது உனக்குத் தெரியும். அந்தக் கீக்குள் எந்த நாள் எந்த மணியிலிருந்து எது வரை ஓட்டலாம் என்று எழுதியிருக்கும். நான் நாளைத்தான் பார்த்தேன், மணியைப் பார்க்கவில்லை. வியாழன் ராத்திரி 11 மணிக்கு ஒரு சிறப்புக் காட்சி போட்டு டிக்கெட் எல்லாம் கொடுத்துவிட்டேன். கீ வெள்ளி பிறந்து ஒரு நிமிஷம் கழித்துத்தான் திறந்தது. ஒரு மணி நேரம் முழுக்க, நிறைந்த ஹாலுக்கு முன்னால் நின்று நான் சமாளித்த சமாளிப்பு இருக்கிறதே, அதை உன் அப்பா பிறகு எல்லோரிடமும் நடித்துக் காட்டினார். இன்னொன்று, ஒரு திரையின் சர்வருக்கு, அதாவது படத்தை ஓட்டுகிற கம்ப்யூட்டருக்கு, வந்த கீ அடுத்த திரையில் வேலை செய்யாது. சனிக்கிழமை கூட்டம் அலைமோதுகிறது, பெரிய ஹாலுக்கு மாற்றலாம் என்று கடைசி நேரத்தில் நினைத்தால் முடியாது. மாற்ற வாய்ப்பிருக்கிற படத்துக்கு இரண்டு திரைக்கும் முன்கூட்டியே கீ கேட்டு வாங்கு.

உன் அப்பா காலத்துக் கஷ்டம் வேறு மாதிரி. 2000 அடி ரீல் ஒன்று 22 நிமிஷம் ஓடும். ஒரே பிரதியை இரண்டு தியேட்டருக்குக் கொடுத்திருப்பார்கள், இங்கே ஓடி முடித்த ரீலை ஒரு பையன் சைக்கிளில் அங்கே கொண்டுபோவான், அதனால் அவர்கள் காட்சி நம்முடையதற்கு முக்கால் மணி நேரம் பின்னால் இருக்கும். டயர் பஞ்சர் ஆனால் அங்கே இடைவேளை நீளும்.

நேரம் என்றால் நேரம்தான் என்பது எல்லா இடத்திலும் எப்போதும் இருந்ததில்லை, தெரியுமா. அமெரிக்காவில் ஒரு காலத்தில் படம் தொடர்ச்சியாக ஓடிக்கொண்டே இருக்கும், ஜனங்கள் நடுவில் வந்து உட்கார்ந்து, சுற்றி வந்து அதே இடம் வந்ததும் எழுந்து போவார்கள். 1960இல் ‘சைக்கோ’ வெளியானபோது, ஆரம்பித்த பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று ஹிட்ச்காக் தியேட்டர்காரர்களிடம் கண்டிப்பாகச் சொன்னார். நீ அவ்வளவு கறாராக இருக்க வேண்டாம். ஆனால் விளம்பரத்தை 10 நிமிஷத்துக்கு மேல் நீட்டாதே. 25 நிமிஷம் ஓட்டினால் வழக்கமாக வருகிறவர்கள் அதைக் கணக்குப் போட்டு 25 நிமிஷம் கழித்தே வருவார்கள், பிறகு இருட்டில் எல்லோர் காலையும் மிதித்துக்கொண்டு போவார்கள்.

விநியோகஸ்தர் முதல் வாரம் எல்லாக் காட்சியும் தன் படத்துக்கே வேண்டும் என்பார். பெரிய படமென்றால் வேறு வழியில்லை, கொடுத்துத்தான் ஆக வேண்டும், அவருடைய பங்கும் முதல் வாரத்தில்தான் அதிகம். திங்கள்கிழமை காலை வார இறுதிக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசு, அப்போது இறங்கி வருவார். சின்ன ஹாலை மட்டும் முதல் நாளிலிருந்தே விட்டுக்கொடுக்காதே. நீ எடுத்திருக்கிற அந்தச் சின்னப் படத்தைக் காலை 11:30க்குத் தள்ளியிருக்கிறாய், இரண்டு நாளில் கூட்டம் இல்லை என்று தூக்கிவிடுவாய். கழுத்தைப் பிடித்து நெரித்துவிட்டு மூச்சு விடவில்லை என்று குறை சொன்ன கதைதான். அந்த மாதிரிப் படத்துக்கு வாய்ப்பேச்சில்தான் ஆள் வரும், அதற்கு நாலைந்து நாளாவது வேண்டும். செவ்வாயும் புதனும் ராத்திரி 7:30 கொடு, ஒரு மாசம் கொடுத்துப் பார். என்ன, பத்துப் பேர் வருவார்கள். வரட்டுமே.

சனிக்கிழமை நள்ளிரவு 12 மணி என்று போட்டிருக்கிறாய், அதையும் மாற்று. வெள்ளி ராத்திரி கண்விழித்து வருகிறவனும் சனி ராத்திரி வருகிறவனும் இரண்டு பேருமே தான்தான் சரி என்று நிற்பார்கள். சனி இரவு 11:59 என்று போட்டுவிடு, சண்டையே வராது.

எல்லாம் எழுதியிருக்கிறாய், ஆபரேட்டருக்கு வண்டி ஏற்பாடு, பெருக்குகிறவர்களுக்கு ஷிப்ட், எல்லாம். 10:50க்குப் படம் விட்டால் கணக்கு முடித்து, இரண்டு ஹாலும் காலியா என்று பார்த்து, ஷட்டர் இறக்க எப்படியும் 11:20 ஆகும். கடைசி பஸ் 11:10. நீ எப்படி வீட்டுக்குப் போகிறாய் என்று அந்த அட்டவணையில் எங்கேயும் காணோமே. அதை முதலில் எழுது.

அம்மா