ஆக்காட்டி முட்டை போட்டிருக்கு

கன்னங்குறிச்சி, சேலம்
ஏப்ரல் 26

அன்பு மாப்ளே,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்குச் சித்திரையில் பதில். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். மாமாவுக்கு முழங்கால் தேவலை.

சேதி இதுதான். மூக்கனேரிக் கரையை ஒட்டி, தண்ணீர் வற்றின மேட்டில் ஆக்காட்டிக் குருவி முட்டை போட்டிருக்கிறது. சிவப்பு மூக்குக்காரி. கூடு என்று தேடினால் அகப்படாது. உள்ளங்கையகலக் குழி, சுற்றிலும் பொடிக்கல், காய்ந்த ஆட்டுப் புழுக்கை, அவ்வளவுதான். முட்டைகள் மண் நிறம், மேலே கறுப்புத் திட்டு. நான்கும் கூர்முனையை நடுவில் சேர்த்துப் படுத்திருப்பதால் அந்தச் சின்ன வயிற்றடியில் கச்சிதமாக அடங்கிவிடுகின்றன.

17-ஆம் தேதி மூன்று இருந்தது, 18 காலை நான்கு. அன்றிலிருந்து ஏறக்குறைய 28 நாள் கணக்குப் போடு. மே 16 வாக்கில் பொரிக்க வேண்டும்.

என் கவலையே இந்த வெயில்தான். உச்சி வேளையில் அடை என்பதே நிழல் கொடுப்பதுதான். ஆணும் பெண்ணும் முறை மாற்றி உட்காருகின்றன. தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துவந்து அந்த ஈரத்தோடு முட்டைமேல் அமர்வதைப் பார்த்தால் உனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அந்த நேரத்தில் நாம் கிட்டே போய், அது கத்திக்கொண்டே எழுந்து சுற்றினால், முட்டை வெறும் வெயிலில் கிடக்கும். பத்து மணிக்கு மேல் அந்தப் பக்கமே வேண்டாம்.

காக்கையை மறக்காதே. நாம் எங்கே குனிகிறோம் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஆகவே நிற்காமல், குனியாமல், நடக்கிற வேகத்திலேயே நடந்துபோ. முப்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்து பைனாகுலரில் பார்; எட்டு மடங்கு போதும், பத்து மடங்கு கையில் ஆடும். பறவை கத்த ஆரம்பித்தால் நீ நெருங்கிவிட்டாய், பின்வாங்கு. சுற்றிலும் கல் அடுக்கிக் காப்பாற்றலாம் என்று தொப்பி அண்ணன் சொல்கிறார். அது பையன்களுக்கு முகவரி எழுதிக் கொடுப்பது மாதிரி. நீயே அவரிடம் சொல், நான் சொன்னால் கேட்கமாட்டார்.

வேலியில் ஆண் ஓணானுக்குத் தலை சிவந்தாயிற்று, தண்டால் எடுக்கிறது. புளியமரத்துக் காக்கைக் கூட்டைச் சுற்றியே பெண்குயில் திரிகிறது. அதையெல்லாம் நேரில் காட்டுகிறேன்.

ஏற்காட்டுக் குளிரில் போர்த்திக்கொண்டு தூங்காதே. பொரித்தால் குஞ்சுகள் ஒரு நாளுக்குள் குழியை விட்டு நடந்துவிடும், தாமே கொத்தித் தின்னும். தாய் குரல் கொடுத்ததும் கல்லோடு கல்லாய் உறைந்துவிடும். அப்போது காலடி பார்த்து வைக்க வேண்டும். மே 15 இரவே இறங்கிவந்துவிடு. மறுநாள் ஐந்தே முக்காலுக்குக் கரையில் இருக்க வேண்டும். அந்தச் சிவப்புத் துண்டு வேண்டாம். கூட்டமும் கூட்டிவராதே.

உன்,
மணி