சராசரி மட்டும் போதாதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு,

டெஸ்ட் கிரிக்கெட்டில் நம் நாட்டின் சிறந்த தொடக்க ஆட்டக்காரர் கவாஸ்கரா, சேவாக்கா என்று எங்கள் கோபிசெட்டிபாளையம் டீக்கடையில் ஓயாத வாக்குவாதம். டெஸ்ட் சராசரி கவாஸ்கருக்கு 51.12, சேவாக்குக்கு 49.34. இதில் என்ன பெரிய வித்தியாசம் என்கிறார்கள் பையன்கள். கணக்கு வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன், இந்த இரண்டு எண்ணை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

கவாஸ்கரின் 34 சதங்களில் 13 மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரானவை. 1971-ல் அவர் 774 ரன் குவித்தபோது அந்த அணியின் பின்னாளைய வேகப்பந்துப் படை இன்னும் உருவாகவில்லை என்பது நிஜம்தான். சரி, 1979-ல் இங்கிலாந்தின் ஓவல் மைதானத்தில் நாலாவது இன்னிங்ஸில் அடித்த 221? 1987-ல் பெங்களூரில் பந்து தாறுமாறாகச் சுழன்றபோது பாகிஸ்தானுக்கு எதிராக எடுத்த 96? அதுவே அவரது கடைசி டெஸ்ட் இன்னிங்ஸ்.

சேவாக்கைக் குறைத்துச் சொல்லவில்லை. சேப்பாக்கத்தில் 2008-ல் அவர் எடுத்த 319-ஐவிட, அதே ஆண்டு டிசம்பரில் அங்கேயே இங்கிலாந்துக்கு எதிராக நாலாவது இன்னிங்ஸில் 387 ரன்னைத் துரத்தும்போது 68 பந்தில் அடித்த 83-தான் எனக்கு உசத்தி. இங்கிலாந்து அன்றைக்கே பயந்துவிட்டது.

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் இனி சராசரிப் பட்டியல் போடும்போது எந்த நாட்டில், எத்தனையாவது இன்னிங்ஸில் என்றும் பிரித்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கோபிசெட்டிபாளையம்.