மூன்றாவது கேள்வி

மதுரை,
புரட்டாசி, ஞாயிறு

அன்புள்ள செல்வத்துக்கு,

அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா? இங்கே எல்லோரும் சுகம். சின்னவன் முகத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

"பருதானே, மீசை முளைத்தால் போய்விடும்" என்று நீயும் நானும் சொன்னோம். போகவில்லை. போன வாரம் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். முகத்தைப் பார்த்தவர், "நடுத்தரம்தான், பயமில்லை" என்று ஒரு களிம்பு எழுதினார். பிறகு ஐந்து கேள்வி உள்ள தாளை எடுத்தார். வேல்ஸில் கார்டிஃப் நகரத்து மருத்துவர்கள் மோட்லியும் ஃபின்லேயும் 1992இல் வெளியிட்டதாம். அது பருக்களை எண்ணுவதில்லை. போன ஒரு மாதம் அவற்றோடு எப்படிக் காலம் தள்ளினாய் என்று கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 15. எண் கூடக் கூடப் பாதிப்பும் கூடுதல்.

எரிச்சல் வந்ததா, பிறரோடு பழகுவது குறைந்ததா என்று கேட்டுவிட்டு மூன்றாவதுக்கு வந்தார். பொது இடத்தில் உடை மாற்றுவதையோ நீச்சலுடை போடுவதையோ தவிர்த்தாயா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதித்த ஆட்கள்தானே நாம்! அவன் சிரிக்கவில்லை. பேனாவை உருட்டிக்கொண்டிருந்தவன் 3 என்று போட்டான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சோழவந்தான் தோப்பில் பம்பு செட்டுத் தொட்டியை விட்டு ஏறவே மாட்டானே, இந்தக் கோடையில் சட்டையோடு வரப்பில் உட்கார்ந்திருந்தான். சளி என்றான், நம்பினேன். மருத்துவர் சட்டையைக் கழற்றச் சொன்னார். தோளிலிருந்து நடுமுதுகுவரை சிவந்து, கட்டிகட்டியாக. ஒரே வீட்டில் இருக்கிறேன், செல்வம்.

கூட்டினால் 11. களிம்போடு மாத்திரையும் சேர்த்தார். நாலே நாலு பருவோடு வந்து இவனைவிட அதிகம் போடுகிறவர்களும் உண்டாம்.

அந்தத் தாளில் ஒரு குறை. விசேஷ வீட்டில் ஆளாளுக்கு "என்னடா முகம் இப்படி" என்று கேட்டு, கடலை மாவு பூசு, வடையை நிறுத்து என்று வைத்தியம் சொல்வார்களே, அதற்குத் தனிக் கேள்வி இல்லை. நம் ஊரில் அதுவே 3 வாங்கும்.

களிம்பில் இருக்கும் பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுக்கும். பழைய சுங்குடியில் தைத்த தலையணை உறையில் புள்ளியே தெரியவில்லை. உன் தங்கச்சியின் புலம்பல் தனி. பலன் தெரியப் பன்னிரண்டு வாரமாவது ஆகுமாம். பிறகு அதே தாளை மறுபடி நிரப்ப வேண்டும்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? தோப்புக்குப் போவோம். தொட்டியில் இறங்கு என்று மட்டும் அவனைக் கூப்பிடாதே. அவனாக இறங்கட்டும்.

அன்புடன்,
பாண்டி