தட்டிப் பார்க்கும் குளவி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் வேளாண் பக்கத்தில் நன்மை செய்யும் பூச்சிகளைப் பற்றி வந்த கட்டுரையில், தண்டுக்குள் மறைந்திருக்கும் புழுவை, அதன் உடலில் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகள் மோப்பம் பிடித்தே கண்டுபிடிப்பதாக எழுதப்பட்டிருந்தது. புழு கடித்த இடத்தின் வாடையும் அதன் எச்சத்தின் வாடையும் குளவியைச் செடிவரை கொண்டுவந்து சேர்க்கும் என்பது சரியே. ஆனால் ஆளுயரக் கரும்பில் எந்தக் கணுவருகே முட்டையிடும் ஊசியை இறக்குவது என்பதற்கு வாடை மட்டும் போதாது.

புழு தின்றுகொண்டிருக்கும்வரை அதன் அரிப்பில் எழும் அதிர்வே அதைக் காட்டிக்கொடுக்கும். ஆப்பிள் இலைக்குள் சுரங்கமிடும் புழுவைத் தேடும் சிறு குளவியிடம் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். கூட்டுப்புழுவோ தின்பதுமில்லை, ஊர்வதுமில்லை. அதனால் பிம்ப்ளா, சாந்தோபிம்ப்ளா போன்ற குளவிகள் உணர்கொம்பின் நுனியால் தண்டைத் தட்டி, திரும்பி வரும் அதிர்வைக் கால்களில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே உள்ள உறுப்பால் அறிகின்றன. மானாமதுரையில் கடத்தைச் சுண்டிப் பார்த்து வாங்குகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காகிதக் குழாய்க்குள் ஓரிடத்தில் மட்டும் கெட்டியான துண்டை ஒளித்துவைத்தபோது, புழுவோ வாடையோ இல்லாமலேயே குளவிகள் அந்த இடத்தில் ஊசியை இறக்கின. தண்டின் அடர்த்தி கூடக்கூடக் குறி தவறுகிறது என்பதும், தண்டுத்துளைப்பானின் கூட்டுப்புழுவையே நாடும் சாந்தோபிம்ப்ளா ஸ்டெம்மேட்டர், பலவகைக் கூட்டுப்புழுக்களைத் தேடும் பிம்ப்ளாவைவிடத் துல்லியமாகக் குத்துகிறது என்பதும் 2003-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தன.

சென்ற ஆவணியில் அலங்காநல்லூர் அருகே எங்கள் தோட்டத்தில் கரும்பின் காய்ந்த சோகையை உரிக்கும்போது, மஞ்சள் உடலில் கரும்புள்ளிகள் கொண்ட ஒரு குளவி கரும்பின் மேல் ஏறியும் இறங்கியும் கொம்பால் தட்டிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நின்று வயிற்றை வளைத்தது. உடன் உரித்த அண்ணன், கொட்டிவிடும் என்று தோள்துண்டை ஓங்கிவிட்டார். நான் தடுப்பதற்குள் அடி விழுந்துவிட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவர் அறிந்த குளவியெல்லாம் கொட்டுகிற குளவிதான். துளைப்பானின் முட்டையை அழிக்கும் சிறு குளவிகள் வெளிவரும் முட்டை ஒட்டுண்ணி அட்டையைக் கரும்பில் கட்டச் சொல்லி எல்லாரும் எழுதுகிறார்கள். காசில்லாமல் வந்து நிற்கும் இந்தக் குளவியின் வண்ணப் படத்தையும் ஒருமுறை பெரிதாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கரும்பு விவசாயி,
அலங்காநல்லூர், மதுரை மாவட்டம்.